நாட்டார் வழக்காற்றியல் களப்பணி: தலைப்பு எடுப்பதிலிருந்து ஆய்வேடு வரை முழுமையான வழிகாட்டி

முன்னூறு பாட்டு சேகரித்துவிட்டேன் என்று ஆய்வு மாணவர் ஒருவர் தடித்த நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். புரட்டினேன். தாலாட்டு, ஒப்பாரி, நடவுப்பாட்டு, கும்மி எல்லாம் இருந்தன. கையெழுத்தும் அழகு. "இந்தத் தாலாட்டைப் பாடினது யாரு?" என்று கேட்டேன். "ஊர்ல ஒரு பாட்டி சார்." "பிள்ளையைத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டா பாடினாங்க?" "இல்ல சார், பஞ்சாயத்து ஆபீஸ் வாசல்ல எல்லாரையும் உட்கார வச்சுப் பாடச் சொன்னோம்."

ஒரு வருட உழைப்பு. ஆனால் பாட்டிக்குப் பெயர் இல்லை, வயது இல்லை, பிறந்த ஊர் எது, வாக்கப்பட்ட ஊர் எது என்ற குறிப்பு இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்களா, எடுத்துக் கொடுத்தார்களா என்றும் தெரியாது. சொற்கள் மட்டும் வந்து சேர்ந்திருந்தன. நாட்டார் வழக்காறு என்பது யாரோ ஒருவர், யாருக்கோ, ஏதோ ஒரு நேரத்தில், ஏதோ ஒரு காரணத்துக்காகச் சொல்வது. அந்த நான்கையும் விட்டுவிட்டால் கையில் இருப்பது சக்கை. எம்.ஏ. திட்டக்கட்டுரை எழுதுகிறவர் முதல் முனைவர் பட்டம் செய்கிறவர் வரை, சொந்தப் பாட்டியின் கதைகளைப் பதிந்துவைக்க நினைப்பவர் உட்பட, அந்த நான்கையும் எப்படிக் கைப்பற்றுவது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

துறையைப் பற்றிக் கொஞ்சம்

1846-இல் வில்லியம் தாம்ஸ் என்ற ஆங்கிலேயர் புனைபெயரில் ஓர் இதழுக்குக் கடிதம் எழுதி, 'ஃபோக்லோர்' என்ற சொல்லை முன்மொழிந்தார். அன்றைக்கு அந்தச் சொல்லுக்குள் இருந்தது அழிந்துகொண்டிருக்கும் கிராமத்துப் பழமை. இன்றும் பலர் மனதில் அதுதான் இருக்கிறது. பின்னால் அமெரிக்க ஆய்வாளர் ஆலன் டண்டஸ் வந்து 'ஃபோக்' என்பதற்கு வேறு பொருள் சொன்னார்: பொதுவான ஏதாவது ஒன்றால் இணைந்த எந்தக் குழுவும் 'நாட்டார்'தான். தொழில், சாதி, மதம், மொழி, விடுதி அறை, எதுவாகவும் அந்த இணைப்பு இருக்கலாம். அப்படிப் பார்த்தால் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லப்படும் பேய்க்கதையும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் நாட்டு மருந்துக் குறிப்பும் நம் துறைக்குள் வந்துவிடும்.

தமிழில் இந்தத் துறைக்கு இரண்டு பெயர் உண்டு. நாட்டுப்புறவியல் என்பது முந்தியது, பரவலானது. 'புறம்' என்ற சொல் கிராமத்தோடு கட்டிப்போடுகிறது என்பதால் நாட்டார் வழக்காற்றியல் என்ற பெயரைப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வலுவாக முன்வைத்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். உங்கள் நெறியாளர் மற்றக் கட்சியாக இருந்தால் சண்டை போட வேண்டாம். முன்னுரையில் ஏன் அந்தச் சொல்லை எடுத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதினால் போதும்.

சேகரிப்பின் வரலாற்றைத் தெரிந்துகொள்வது அவசியம், முன்னோர் செய்த தவறுகளிலிருந்து தப்பிக்கவாவது. சார்லஸ் கோவர் 1871-இல் தென்னிந்திய நாட்டார் பாடல்கள் என்று ஆங்கிலத்தில் வெளியிட்ட தொகுப்பில் திருக்குறளுக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்! ஆட்சிப்பணியில் இருந்த பெர்சி மாக்வீன் சேர்த்துவைத்த பாடல்கள் 1958-இல் கி.வா. ஜகந்நாதன் பதிப்பில் 'மலையருவி'யாக வந்தன. இத்துறையைச் சமூக வரலாற்றோடு இணைத்தவர் நா. வானமாமலை (1917–1980). 1969-இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழைச் சுற்றி ஒரு தலைமுறையே உருவானது. நூலகத்தில் அந்த இதழ்கள் கிடைத்தால் ஒரு வாரத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

படி 1: தலைப்பைச் சுருக்குங்கள், இன்னும் சுருக்குங்கள்

'திருநெல்வேலி மாவட்ட நாட்டுப்புறப் பாடல்கள்' என்பது தலைப்பே இல்லை, ஓர் ஆயுள் வேலை. கேள்வி இல்லாத தலைப்பு களத்தில் கண்டதையெல்லாம் அள்ளிவரச் செய்யும். ஊருக்குத் திரும்பி மூட்டையை அவிழ்த்தால் எதுவும் எதோடும் ஒட்டாது.

மூன்று வகைத் தலைப்புகள் பெரும்பாலும் பலன் தரும். முதலாவது, ஒரே ஆள்: ஒரு பாடகரின் கையிருப்பு முழுவதும், அவர் யாரிடம் கற்றார், எதைப் பாட மறுக்கிறார். இரண்டாவது, ஒரே நிகழ்வு: ஒரு கோயிலின் கொடைத் திருவிழா, பந்தக்கால் நடும் கால்நாட்டு முதல் கடைசிச் சடங்கு வரை. மூன்றாவது, ஒரே கதை: நல்லதங்காள் கதையை ஐந்து ஊரில் ஐந்து பேர் எப்படிச் சொல்கிறார்கள். மூன்றாவதற்குள் ஒரு கேள்வியையும் வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நல்லதங்காளின் அண்ணி மூளி அலங்காரியை ஆண்கள் எப்படிச் சொல்கிறார்கள், பெண்கள் எப்படிச் சொல்கிறார்கள்? மாமியாராகிவிட்ட பெண் சொல்லும்போது நாத்தனார் பக்கம் சாய்கிறாரா, அண்ணி பக்கம் சாய்கிறாரா?

படி 2: போகும் முன் படியுங்கள்

அந்த ஊர், அந்தக் கதை, அந்தச் சாமி பற்றி அச்சில் வந்ததைத் தேடுங்கள். பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், 1997-இல் சென்னையில் தொடங்கப்பட்ட தேசிய நாட்டுப்புறவியல் உதவி மையம், பல்கலைக்கழகத் துறைகள் ஆகியவற்றின் வெளியீடுகளையும் ஆய்வேடுகளையும் பாருங்கள். 'பெரிய எழுத்து' என்று அச்சிட்டு வந்த மலிவு விலைக் கதைப்பாடல் புத்தகங்களை விட்டுவிடாதீர்கள். களத்தில் நீங்கள் கேட்கும் 'வாய்மொழி'யில் ஒரு பகுதி அந்தப் புத்தகத்திலிருந்து மனப்பாடம் ஆனதாக இருக்கலாம். அது குற்றமில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

படி 3: முதல் பயணத்தில் கருவியை எடுக்காதீர்கள்

முதல் இரண்டு மூன்று முறை சும்மா போங்கள். டீக்கடை, கோயில் திண்ணை, ரேஷன் கடை வரிசை எனப் பேச்சு நடக்கும் இடத்தில் இருங்கள். யார் நன்றாகக் கதை சொல்வார் என்று ஊர் உங்களுக்குத் தானாகச் சொல்லும்.

யார் கையைப் பிடித்து ஊருக்குள் போகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனால் மரியாதை கிடைக்கும், அது உண்மைதான். அதே பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது காலனியில் இருப்பவர் தன் குலசாமி எப்படிக் கொலையுண்டு சாமியானது என்ற கதையைச் சொல்வாரா? சொன்னாலும், கொன்றவன் யார் என்ற இடம் வந்ததும் 'யாரோ ஒருத்தன்' ஆகிவிடும். கொலையில் உதித்த தெய்வங்களின் கதைகளில் பெரும்பகுதி சாதி மீறிய காதலோடும் நிலத் தகராறோடும் பின்னியவை. ஆகவே இரண்டு தெருவுக்கும் தனித்தனி வழியாகப் போய்ச் சேருங்கள். நீங்கள் எந்தச் சாதி என்று கேட்பார்கள். நேரடியாகக் கேட்காவிட்டாலும் எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிவளைத்துக் கேட்பார்கள். உங்கள் விடை பதிவைப் பாதிக்கும். ஆய்வேட்டில் அதை மறைக்காமல் எழுதுங்கள்.

ஆண் ஆய்வாளர்களுக்குப் பெண்கள் பாட்டில் பாதிதான் கிடைக்கும். பூப்புச் சடங்கில் கேலிப்பாட்டு நடக்கும் இடத்துக்கு நீங்கள் போனால் பாட்டு நின்றுவிடும். கூட ஒரு தோழியையோ அக்காவையோ அழைத்துப் போவது தீர்வில் ஒரு பகுதி மட்டும்தான்.

படி 4: கருவி

இன்றைய கைபேசியே பெரும்பாலான வேலைக்குப் போதும். எம்.பி.3-இல் பதியாமல் 'வேவ்' வடிவத்தில் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் இருந்தால் ஆவணக் காப்பகத்துக்கும் அது ஏற்றது. சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று, காற்றுச் சத்தத்தைத் தடுக்கும் பஞ்சு உறை, பவர் பேங்க் இவ்வளவு போதும். விமானப் பயன்முறையைப் போட மறக்காதீர்கள். வில்லுப்பாட்டில் சாவுக் கட்டம் உச்சத்தில் இருக்கும்போது என் போனுக்குக் கடன் அட்டை விற்கிற அழைப்பு வந்து பதிவு அறுந்தது. அந்தப் பத்து நிமிடத்தை அடுத்த வருடக் கொடையில்தான் பிடிக்க முடிந்தது. அதுவும் அதே பத்து நிமிடம் அல்ல.

ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் உங்கள் குரலில் தேதி, இடம், பாடுபவர் பெயர், சுற்றி யார் யார் என்று சொல்லிவிடுங்கள். கோப்புப் பெயர் மாறிப்போனாலும் ஒலிக்குள்ளேயே அடையாளம் இருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே இரண்டு நகல், ஒன்று வேறு இடத்தில்.

கருவிகளில் தலையாயது, சட்டைப் பையில் அடங்கும் குறிப்பேடு. ஒலிப்பதிவுக்குக் கண் கிடையாது.

படி 5: பதிவு

நடக்கும் சூழலை மூன்றாகப் பிரிக்கலாம். கொடையில், இழவு வீட்டில், வயலில் தானாக நடப்பது இயல்பான சூழல். உங்களுக்காக உட்கார்ந்து சொல்வது செயற்கைச் சூழல். இரண்டுக்கும் நடுவே ஒன்று உண்டு: அமெரிக்கக் களப்பணியாளர் கென்னத் கோல்ட்ஸ்டீன் 1964-இல் எழுதிய கையேட்டில் விளக்கிய, நாமே தூண்டி உருவாக்கும் இயல்புச் சூழல். பேரப்பிள்ளைகளைத் திரட்டி, மின்சாரம் போன ராத்திரியில் பாட்டியிடம் 'ஒரு கதை சொல்லுங்க' என்று அவர்களையே கேட்க வைப்பது. நீங்கள் ஓரமாக இருந்தால் போதும். கதைக்கும் விடுகதைக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. விடுகதை என்பது போட்டி. எதிரே ஆள் இல்லாமல் ஒருவரிடம் 'பத்து விடுகதை சொல்லுங்கள்' என்றால் மூன்றோடு தீர்ந்துவிடும். நாலு சிறுவர்கள் இருந்தால் முப்பது வரும்.

ஒப்பாரி வேறு மாதிரி. தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில், ஒப்பாரிக்குப் பெயர்பெற்ற ஓர் ஆச்சியைத் தேடிப் போனேன். வயது எழுபதுக்கு மேல். முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையை நிறுத்தினார்.

"ஏய்யா, வீட்டுக்குள்ள வச்சு அதப் பாடப்படாது. விளக்கு ஏத்துற வீடு."

"சரி ஆச்சி, பாட வேண்டாம். வார்த்தைய மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

"பாடாம எப்படிய்யா வார்த்தை வரும்?"

இரண்டும் பாடப்புத்தகத்தில் கிடைக்காத பாடங்கள். அந்தப் பாட்டு உச்சரித்தாலே சாவை அழைக்கும் என்பது முதலாவது. அந்த விலக்கே ஒரு வழக்காறு, உடனே குறித்துக்கொள்ள வேண்டியது. சொல் தனியாகச் சேமிக்கப்படுவதில்லை, ராகத்தோடும் மூச்சோடும்தான் வெளிவரும் என்பது இரண்டாவது. மறுநாள் தோட்டத்துக் கிணற்றடிக்கு வரச் சொன்னார். மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு ஆரம்பித்தார். ஐந்தாறு அடியில் குரல் உடைந்தது. எனக்காகத் தொடங்கிய பாட்டு, எப்போதோ இறந்துபோன தன் அண்ணனுக்காக மாறிவிட்டது. 'பொறந்த வீட்டு வாசல்' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பதினோரு நிமிடம். முடிந்ததும் கிணற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டுதான் வீட்டுக்குக் கிளம்பினார். அந்தத் தண்ணீர் தெளிப்பு ஒலிப்பதிவில் இல்லை. குறிப்பேட்டில் இருக்கிறது.

அப்படி ஒருவர் அழத் தொடங்கும்போது பதிவை நிறுத்தலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். கருவியைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்த பிறகு, இதை வைத்துக்கொள்ளலாமா, அழித்துவிடட்டுமா என்று கேளுங்கள். அழிக்கச் சொன்னால் அழித்துவிடுங்கள்.

கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவதற்கு ஆட்கள் இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் மேடையை எடுப்பார்: வில், குடம், உடுக்கை, தாளம், வீசுகோல் பிடித்த தலைமைப் பாடகரான அண்ணாவி, வலப்பக்கம் பாடுவோர், இடப்பக்கம் பாடுவோர். மற்றவர் மேடைக்கு முதுகு காட்டி நின்று கூட்டத்தைப் பார்க்க வேண்டும். காப்புப் பாடும்போது கூட்டம் பாதிதான் இருக்கும். நாட்டு வளத்தின்போது டீ குடிக்கப் போவார்கள். சாமியின் சாவு வரும் இடத்தில் உடுக்கை வேகம் கூடும், சாமியாடும் கோமரத்தாடிக்கு அருள் வரும், அண்ணாவி கதையை அதே இடத்தில் நிறுத்திச் சுற்றிச் சுற்றிப் பாடுவார். எத்தனை மணிக்கு, எந்த அடியில், யாருக்கு அருள் வந்தது என்று குறித்துவையுங்கள். அச்சுப் புத்தகத்தில் நாலே வரியாக இருக்கும் கட்டம் கொடையில் இருபது நிமிடம் ஏன் ஓடுகிறது என்பதற்கு விடை மேடையில் கிடைக்காது, கூட்டத்தில்தான் கிடைக்கும்.

பழமொழிக்கு நேர்காணலே வேண்டாம். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அதை ஒரு மருமகள் மாமியார் காதுபடச் சொன்னாளா, அடுத்த வீட்டுக்காரியிடம் முணுமுணுத்தாளா, அலுவலகத்தில் மேலாளரைப் பற்றி ஓர் ஆண் சொன்னாரா என்பதில்தான் பொருள் இருக்கிறது. காது கொடுத்துக் காத்திருங்கள், வந்ததும் குறியுங்கள்.

படி 6: அன்று இரவே எழுதுங்கள்

தூங்கப் போகும் முன் அன்றைய குறிப்பை விரித்து எழுதிவிடுங்கள். காலையில் பாதி போய்விடும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அட்டை: பாடுபவர் பெயர், வயது, தொழில், படிப்பு, பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், யாரிடம் எந்த வயதில் கற்றது, கடைசியாக எப்போது பாடியது, கேட்டவர்கள் யார், நடுவில் யார் என்ன சொன்னார்கள், பாடியவரே இதற்கு என்ன பெயர் சொல்கிறார். கடைசிக் கேள்வி முக்கியம். நாம் விடுகதை என்பதை அவர் அழிப்பாங்கதை என்பார். நாம் பழமொழி என்பதைச் சொலவடை என்பார். நாம் 'கதை' என்று எழுதிக்கொண்டதை அவர் 'கதையா? நடந்ததுய்யா' என்று மறுத்தால், அங்கே புராணத்துக்கும் வரலாற்றுக்கும் நடுவே அவர் கிழிக்கும் கோடு தெரிகிறது.

படி 7: எழுத்தாக்கம்

என் அனுபவத்தில் ஒரு மணி நேரப் பதிவை ஒழுங்காக எழுத ஏழெட்டு மணி நேரம் ஆகும். பாட்டானால் இன்னும் கூட. இதைக் கணக்கில் எடுக்காமல் கடைசி மூன்று மாதத்தில் மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

விதி ஒன்றே: திருத்தாதீர்கள். 'வாளப்பளம்' என்று பாடினால் 'வாளப்பளம்' என்றே எழுதுங்கள். அடி குறைந்தால் நிரப்பாதீர்கள். திரும்பப் பாடியதைத் 'மேற்படி' என்று சுருக்காதீர்கள். இருமல், சிரிப்பு, 'அப்புறம் என்னா... ஆங்' எல்லாம் அடைப்புக்குறிக்குள் இருக்கட்டும். ஆபாசச் சொல்லை நீங்கள் கூசுவதற்காகப் புள்ளி வைத்து மறைப்பதும் திருத்தம்தான்.

திருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு கிரிம் சகோதரர்களே சாட்சி. 1812-இல் வந்த முதல் பதிப்பில் வெண்பனி என்ற சிறுமியைக் கொல்லப் பார்ப்பவள் பெற்ற தாய். அடுத்த பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். தாய் அப்படிச் செய்வாளா என்ற பதிப்பாளரின் சங்கடம் கதையையே மாற்றியது. உலகம் முழுக்க இன்று மாற்றாந்தாய்தான் பரவியிருக்கிறாள். மக்களுடையது என்று சொல்லி எழுத்தாளர் மேசையில் தயாரிக்கப்படும் சரக்குக்கு 1950-இல் ரிச்சர்ட் டார்சன் 'ஃபேக்லோர்' என்று பெயர் வைத்தார், போலி வழக்காறு. தமிழிலும் அதற்குப் பஞ்சமில்லை.

படி 8: வகைப்படுத்தல்

கதைகளுக்கு உலகளாவிய எண் உண்டு. ஆன்டி ஆர்னே என்ற பின்லாந்துக்காரர் 1910-இல் தொடங்கி, ஸ்டித் தாம்சன் 1928-லும் 1961-லும் விரித்து, ஹான்ஸ்-யோர்க் உத்தர் 2004-இல் திருத்திய பட்டியல் அது. மூவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஏ.டி.யு. என்பார்கள். காக்கா வடையைத் தூக்க நரி பாடச் சொன்ன கதை ஏ.டி.யு. 57. ஐரோப்பாவில் காக்கை வாயில் பாலாடைக்கட்டி. பிள்ளையைக் காத்த கீரியை அவசரப்பட்டுக் கொன்ற கதை 178ஏ. முழுக்கதைக்கு இந்த எண் என்றால், கதைக்குள் இருக்கும் சின்னத் துணுக்குகளுக்குத் தாம்சனின் தனி அட்டவணை இருக்கிறது. புகழ்ந்து பாடவைத்து வாயில் இருப்பதைப் பறிப்பது அதில் கே334.1.

எண் போடுவதால் என்ன பயன்? உங்கள் ஊர்க் கதையை வேறு மொழி ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியும். அவ்வளவுதான். எண் போட்டதையே ஆய்வு என்று நினைத்து நூறு பக்கம் அட்டவணை கட்டுவதில் பொருளில்லை. வடை பாட்டி சுட்ட வடை, காக்கா அதைத் திருடியது. ஆக நரி ஏமாற்றியது ஒரு திருடனை. இதை எங்கள் வகுப்பில் ஒரு மாணவிதான் சொன்னாள். அந்தக் கேள்வி எண்ணில் இல்லை.

படி 9: பகுப்பாய்வு

கோட்பாட்டை முதலில் தேர்ந்துவிட்டுத் தரவைத் தேடுவது, செருப்பை வாங்கிவிட்டுக் காலைத் தேடுவது மாதிரி. இருந்தாலும் கையில் என்னென்ன கருவிகள் உண்டு என்று தெரிந்திருக்க வேண்டும். விளாதிமிர் பிராப் 1928-இல் ருஷ்ய மாயக்கதைகளைப் பிரித்து, பாத்திரங்கள் எத்தனை மாறினாலும் அவர்கள் செய்யும் செயல்கள் முப்பத்தொன்றுக்குள்தான் அடங்குகின்றன, வரிசையும் மாறுவதில்லை என்றார். ராஜகுமாரன் ஏழு கடல் தாண்டும் கதைக்கு அது நன்றாகப் பொருந்தும். கொலையுண்டு சாமியாகும் கதைக்குப் பொருந்தாது. பொருத்திக் காட்டிய ஆய்வேடுகள் நிறைய இருக்கின்றன, அவற்றைப் பின்பற்றாதீர்கள். நீண்ட கதைப்பாடலைப் பாடகர் எப்படி நினைவில் வைக்கிறார் என்று கேட்டால் மில்மன் பாரியும் ஆல்பர்ட் லார்டும் யூகோஸ்லாவியாவில் கண்டறிந்ததைப் படியுங்கள்: பாடகர் மனப்பாடம் செய்வதில்லை, திரும்பத் திரும்ப வரும் வாய்பாடான அடிகளைக் கோத்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறார். இந்த வழக்காறு சமூகத்தில் என்ன வேலை செய்கிறது என்பது வில்லியம் பாஸ்கமின் கேள்வி. பாடப்படும் அந்த நேரத்தையே ஆராய்வது ரிச்சர்ட் பாமன் போன்றவர்களின் நிகழ்த்துதல் கோட்பாடு. நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965-இல் கொங்குப் பகுதியில் அண்ணன்மார் கதையை ஒரு பாடகர் ஊராருக்குப் பாடும்போது பதிந்தார். அப்புறம் அவரையே தனியாகச் சொல்லச் சொல்லியும் வாங்கினார். ஒரே ஆள், ஒரே கதை, இரண்டு வடிவம். உங்களால் முடிந்தால் இதைச் செய்துபாருங்கள். கதை இரண்டிலும் எங்கே நீள்கிறது, எங்கே சுருங்குகிறது என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தாலே ஒரு இயல் எழுதலாம்.

வேறுபாடுகளை எப்படிப் படிப்பது என்பதற்கு முத்துப்பட்டன் கதையைவிட நல்ல பாடம் கிடையாது. பிராமணனான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகிறான். பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கக் கற்று, அவர்களை மணக்கிறான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் உடன்கட்டை ஏறுகிறார்கள். ஒரு வடிவம் இது. இன்னொரு வடிவத்தில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள். காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தான். இந்த ஒரு சேர்க்கை கதையின் முதுகெலும்பையே உருவிவிடுகிறது: சாதியை விட்டு மணந்தவன், தெரியாமலே தன் சாதிக்குள் மணந்தவனாகிவிடுகிறான். நா. வானமாமலை வடிவங்களை ஒப்பிட்டு இந்த மாற்றத்தைச் சுட்டிக்காட்டினார்.

இங்கே 'எது அசல்?' என்று தேடுவதோடு நின்றுவிடக் கூடாது. யார், எப்போது, யார் முன்னால் எந்த வடிவத்தைப் பாடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு உங்கள் படி 6 அட்டைகள் வேண்டும். பாபநாசம் மலையில் சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் முத்துப்பட்டனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. ஏட்டில் பெண்களின் பிறப்பை மாற்றியவர்களால் சன்னதியில் தொங்கும் செருப்பை மாற்ற முடியவில்லை. பனுவலோடு காணிக்கைப் பொருளையும் சடங்கையும் சேர்த்துப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

படி 10: எழுதுவதும் திருப்பித் தருவதும்

ஆய்வேட்டில் பாடுபவர் பெயரைப் போடுவதா, மறைப்பதா? கலைஞராக ஊரறியப் பாடுபவர் என்றால் பெயரைப் போடுங்கள். 'தகவலாளி 14' என்று எண் கொடுப்பது அவமானம். சாதிக் கலவரத்தோடு தொடர்புள்ள கதையைச் சொன்னவர் என்றால் பெயரையும் ஊரையும் மறையுங்கள். எதுவானாலும் அவரிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒப்புதலைத் தாளில் கையெழுத்தாக வாங்குவதைவிட, பதிவிலேயே வாய்ச்சொல்லாக வாங்குவது ஊர்ப்புறத்தில் எளிது. வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினால் நிலத்தை எழுதி வாங்குகிறோமோ என்று பயப்படுவார்கள்.

தொழில்முறைக் கலைஞருக்குப் பணம் கொடுங்கள். அவர் பிழைப்பு அது. கதை சொன்ன பாட்டிக்குப் பணம் நீட்டினால் கோபப்படக்கூடும். வெற்றிலை பாக்கு, ஒரு சேலை, அடுத்த முறை போகும்போது முடிச்சுக் கயிறு போட்ட பலகாரப் பொட்டலம் என்று மரியாதைக்குத் தகுந்த வழி இருக்கும். ஒலிக்கோப்புகளை அட்டைகளோடு சேர்த்து ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படையுங்கள். உங்கள் மடிக்கணினியில் மட்டும் இருந்தால் அது உங்களோடு போய்விடும்.

பாடியவரிடமும் ஒரு நகல் சேர வேண்டும். ஆய்வேடு முடிந்து அந்த ஆச்சியைப் பார்க்கப் போனபோது, கிணற்றடியில் பதிந்த பாட்டைப் பேத்தியின் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பேத்தி அங்கேயே தட்டிவிடப் போனாள். ஆச்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, இங்க போடாத, வெளியே வா" என்று எழுந்தார். மூவரும் தெருத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனோம். பாதிவரை கண்ணை மூடிக் கேட்டார். அப்புறம் நிறுத்தச் சொன்னார்.

"இந்த இடத்துல மதினியப் பத்தி ரெண்டு அடி விட்டுட்டேன். அன்னைக்கு அவ உயிரோட இருந்தா. இப்பப் பாடலாம், எழுதிக்கோ."

பையில் குறிப்பேடு இருந்தது.